கல்லில் எழுதிய பெயரும் எழுதாத பெயரும்

கல்லறை வாசகமும் ஒருவகை வாழ்க்கை வரலாறே. வரலாறுகளுள் மிகச் சிறியது அது. இடம் குறுகியதாகையால், இறந்தவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டியது எதுவோ அதுமட்டுமே அதில் இடம்பெறும் என்று காண்போர் கருதுவர். அவ்வாறு கருதுவது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் டகோட்டா மாநிலத்திலுள்ள ஒரு பெண்மணியின் கல்லறை தக்க இடமாகும்.

அம்மாநிலத்தின் மேற்கே, கருங்குன்றுகள் என்று பொருள்படும் பிளாக் ஹில்ஸ் மலைகள் உள்ளன. அவற்றினிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் டெட்வுட் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1876-இல் பொன் தேடி வந்தோர் கூடாரமடித்துப் பெருக்கிய ஊர் அது. 1961-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அங்கே சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஊருக்கு மேலே, செங்குத்தான மலைச்சரிவில், மௌண்ட் மோரையா என்னும் இடுகாடு அமைந்துள்ளது. சிறு கட்டணம் செலுத்தி ஏறிச் செல்லும் மக்களிற் பலர் இரண்டு கல்லறைகளையே முதலில் தேடுகின்றனர். ஒன்று, துப்பாக்கி வீரராகப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் என்பவருடையது. அதன் பக்கத்திலேயே இருப்பது, கலாமிட்டி ஜேன் என்று உலகம் அறிந்த அம்மையாருடையது.

ஆணுடை அணிந்தவர், குதிரையேற்றத்தில் வல்லவர், படைக்கு ஒற்றராக இருந்தவர், ஹிக்காக்கின் காதலி என்றெல்லாம் கதைகள் அவரைப் புகழ்கின்றன. மேற்கு எல்லைப்புறத்தின் வீராங்கனை என்று கருதியே மக்கள் மலையேறி வருகின்றனர். அவர்கள் அங்கே காண்பது யாருடைய வரலாறு? இதுவே ஆராயத்தக்க வினா.

கல் கூறுவது

கல்லில் உள்ளவை நான்கே செய்திகள். கலாமிட்டி ஜேன் என்பது முதலாவது. திருமதி எம். இ. பர்க் என்பது இரண்டாவது. 1903 ஆகஸ்டு 1-இல் இறந்தார் என்பது மூன்றாவது. வயது 53 என்பது நான்காவது. ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

கலாமிட்டி என்னும் சொல்லுக்குப் பேரிடர் என்று பொருள். எந்தப் பெற்றோரும் தம் மகளுக்கு அப்படிப் பெயரிடமாட்டார்கள். அவருடைய பெற்றோர் இட்ட பெயர் மார்த்தா. குடும்பப் பெயர் கேனரி. இவ்விரண்டும் கல்லில் இல்லை. 'எம்' என்னும் தலைப்பெழுத்தை மார்த்தாவுக்கு உரியதெனக் கொண்டாலும், ஒரு பெயருக்கு ஓர் எழுத்துத்தான் மிஞ்சுகிறது.

பர்க் என்பது கணவர் பெயராகக் கருதப்படுவது. 1885-இல் டெக்சாஸ் மாநிலத்தில் கிளின்டன் பர்க் என்பவரை மணந்ததாக அம்மையாரின் பெயரால் வெளிவந்த சிறுநூல் கூறுகிறது. அத்திருமணத்துக்குப் பதிவு ஏதும் கிடைக்கவில்லை. கிடைத்துள்ள பதிவோ, 1888-இல் ஐடஹோ மாநிலத்தில் ஸ்டியர்ஸ் என்னும் வேறொருவருடன் நடந்த திருமணத்தைக் காட்டுகிறது.

வயதைப் பற்றிய செய்தி இன்னும் விந்தையானது. 1852-இல் பிறந்ததாகச் சிறுநூல் சொல்கிறது. அவ்வாறாயின் இறக்கும்போது வயது 51. மிசௌரி மாநிலத்தில் 1860-இல் எடுக்கப்பட்ட குடிமதிப்போ அவரை நான்கு வயதுக் குழந்தையாகக் குறிக்கிறது. அதன்படி அவர் பிறந்தது 1856-ஐ ஒட்டியதாகும். இறக்கும்போது வயது 47. கல்லிலுள்ள 53 இவ்விரண்டுக்கும் பொருந்தவில்லை.

இறந்த நாள் ஒன்றுதான் சரியாக உள்ளது. ஹிக்காக் கொல்லப்பட்டது 1876 ஆகஸ்டு 2. எனவே அம்மையாரும் அதே ஆகஸ்டு 2-இல் இறந்ததாகக் கதை சொல்வோர் பலர் ஒரு நாளைத் தள்ளிவைத்துக் கொண்டனர். அந்த ஒரு நாளை மட்டும் கல் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, நான்கு செய்திகளில் ஒன்று ஊரார் வைத்த பெயர், ஒன்று சான்றில்லாத பெயர், ஒன்று பிழையான கணக்கு, ஒன்று உண்மை. ஒரு பள்ளிச் சிறுவன் நான்கு வினாக்களுக்கு இவ்வாறு விடையளித்தால் அவன் தேறமாட்டான்.

பதிவேடுகள் கூறுவது

கதையை ஒதுக்கிவிட்டுப் பதிவேடுகளையும் அக்காலச் செய்தித்தாள்களையும் மட்டும் கொண்டு பார்த்தால் தெரியும் வாழ்க்கை வேறு. கேனரி குடும்பம் மிசௌரியிலிருந்து மொன்டானாவின் பொன்வயல்களை நாடிச் சென்றது. 1864 டிசம்பர் இறுதியில், வர்ஜீனியா சிட்டி என்னும் ஊரில், கேனரி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சிறுமியர் கடுங்குளிரில் வீடுதேடி உதவி கேட்டு வந்ததை உள்ளூர்ச் செய்தித்தாள் வெளியிட்டது. பெற்றோரைக் கண்டித்தும் எழுதியது. 1866-இல் தாய் இறந்தார். 1867-இல் தந்தையும் இறந்தார். அப்போது மார்த்தாவுக்கு வயது ஏறத்தாழ 11. உடன்பிறந்தோர் சிதறிப்போயினர். பள்ளியோ, காப்பாரோ இல்லாத அச்சிறுமி, இருப்புப்பாதை போடும் ஊர்களிலும் படை முகாம்களை ஒட்டிய குடியிருப்புகளிலும் கிடைத்த வேலையைச் செய்து வளர்ந்தாள்.

1875-இல் பிளாக் ஹில்ஸ் மலைகளை ஆராயச் சென்ற நியூட்டன், ஜென்னி ஆகியோரின் நிலநூற்குழுவுடன் அவர் சென்றது உண்மை. 1876-இல் தளபதி குரூக்கின் படையைத் தொடர்ந்த வண்டிகளோடு சென்றதும் உண்மை. அவ்வாண்டு ஜூலையில் ஹிக்காக் இருந்த வண்டிக்கூட்டத்தோடு டெட்வுட் வந்து சேர்ந்ததும் உண்மை. ஆனால் படைக்கு ஒற்றராக அமர்த்தப்பட்டதற்குச் சான்று இல்லை. துணி வெளுத்தார், சமைத்தார், நடன விடுதிகளில் வேலை செய்தார், மது மிகுதியாக அருந்தினார். 1878-இல் டெட்வுட்டில் பெரியம்மை பரவியபோது, பிறர் நெருங்க அஞ்சிய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்னும் கணக்கைக் கதைகள் பெருக்கின. ஆயினும் அவர் பணிவிடை செய்தார் என்பதை அவ்வூரின் முதுகுடிகள் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 1903-இல் பெல் ஃபூர்ஷ் என்னும் ஊரில் டோரா டுஃப்ரான் என்பவர் நடத்திய விடுதியில் சமையலும் வெளுப்புமாகச் சில மாதங்கள் உழைத்தார். பின்னர் டெட்வுட்டுக்கு அருகே டெர்ரி என்னும் சுரங்க ஊரில், ஒரு விடுதி அறையில் இறந்தார்.

இதில் பகைவரைத் துரத்திய போர் இல்லை. காதற்காவியமும் இல்லை. தாய்தந்தையற்ற ஓர் ஏழைப் பெண் தன் கை உழைப்பால் பிழைத்த வாழ்க்கை இருக்கிறது. குற்றங்குறைகள் உண்டு, இரக்கமும் உண்டு.

சிறுநூலின் குணமும் குற்றமும்

இவ்வாழ்க்கையிலிருந்து வீராங்கனை எவ்வாறு தோன்றினாள் என்பதை அறிய, 1896-இல் வெளிவந்த அச்சிறுநூலைப் படித்தல் வேண்டும். கலாமிட்டி ஜேனின் வாழ்க்கையும் வீரச்செயல்களும் அவராலேயே சொல்லப்பட்டவை என்று அது தன்னை அறிவித்துக்கொள்கிறது. சில பக்கங்களே கொண்டது. அவ்வாண்டு ஜனவரியில் கோல், மிடில்டன் என்னும் இருவர் நடத்திய காட்சிச்சாலைகளில் அம்மையார் மேடையேறத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்தோரிடம் விற்பதற்காக அந்நூல் அச்சிடப்பட்டது. அம்மையார் எழுதப் படிக்க அறியாதவர் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே, தன்வரலாறு என்று பெயர் தாங்கிய அந்நூலைப் பிறர் ஒருவர் கேட்டு எழுதியிருத்தல் வேண்டும்.

நூலின் நடை விறுவிறுப்பானது, சலிப்பின்றிப் படிக்கலாம். ஆனால் செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். தளபதி கஸ்டரிடம் சேர்ந்து அரிசோனாவுக்குப் படையெடுத்ததாக அந்நூல் கூறுகிறது. கஸ்டர் அரிசோனாவில் போர் புரிந்ததே இல்லை. காயமுற்ற படைத்தலைவர் ஒருவரைக் குதிரையில் தூக்கிவந்து காத்ததால் கலாமிட்டி என்னும் பெயர் பெற்றதாகக் கூறுகிறது. அதற்கும் தக்க சான்று இல்லை. ஹிக்காக்கைக் கொன்ற ஜாக் மக்காலை இறைச்சிக் கடையொன்றில் வெட்டுக்கத்தியுடன் மடக்கியதாகவும் கூறுகிறது. நடந்தது வேறு. மக்காலைப் பொன் தேடுவோர் கூட்டிய மன்றம் விடுதலை செய்தது. பின்னர் அவன் மீண்டும் பிடிபட்டு, யாங்டன் நகரில் முறையாக விசாரிக்கப்பட்டு, 1877 மார்ச் 1-இல் தூக்கிலிடப்பட்டான்.

வீரச்செயல்கள் இவ்வாறு விரிந்து செல்ல, தாய் இறந்ததும் தந்தை இறந்ததும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. பிச்சைக்குச் சென்ற குளிர்நாள் நூலில் இடம்பெறவே இல்லை. ஆசிரியர் விரித்துரைத்தவற்றுள் பல கற்பனை. சுருக்கிச் சொன்னவையும் சொல்லாமல் விட்டவையுமே பெரிதும் உண்மை. துன்பத்தை விலை கொடுத்து வாங்குவார் இலர். வீரத்தை வாங்குவார் பலர். விலைபோகும் பகுதி வளர்ந்தது. விலைபோகாத பகுதி தேய்ந்தது.

இதற்காக அம்மையாரைப் பொய்யர் என்று தூற்றுவதும் நேர்மையன்று. அவர் புகழைத் தேடிப் போவதற்கு முன்பே புகழ் அவரைப் பிடித்துக்கொண்டது. 1877 அக்டோபரில், அவருக்கு 21 வயது இருக்கும்போதே, எட்வர்டு வீலர் என்பவர் எழுதிய டெட்வுட் டிக் என்னும் ஐந்து காசு நாவலில் கலாமிட்டி ஜேன் ஒரு கதைப்பாத்திரமாகிவிட்டாள். நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள நகரங்களில் அந்நூலைப் படித்தோர், உயிருள்ள ஒரு பெண் அப்பெயரால் எங்கோ துணி வெளுத்துக்கொண்டிருந்ததை எண்ணியிருக்கமாட்டார்கள். தம் பெயரால் பிறர் பணம் ஈட்டுவதைக் கண்டவர், தாமும் அதே பெயரைக் கொண்டு சில காசுகள் ஈட்ட முயன்றார். கடைசி ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பூங்காவைக் காண வந்தோரிடம் தம் நிழற்படங்களை விற்றார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அப்பெயர்தான்.

இங்கு மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ணுதல் தகும். மேடையேறுவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1895-இல், தம் மகளை அழைத்துக்கொண்டு அவர் டெட்வுட்டுக்குத் திரும்பினார். அச்சிறுமியின் படிப்புக்காக ஊரார் பணம் திரட்டி உதவினர்; ஸ்டர்ஜிஸ் என்னும் ஊரிலிருந்த கன்னிமாடப் பள்ளியில் அவள் சேர்க்கப்பட்டாள். தாம் பெறாத எழுத்தைத் தம் மகளேனும் பெறவேண்டும் என்று அந்தத் தாய் நாடினார். கதைகளிலோ திரைப்படங்களிலோ இதற்கு இடமில்லை. அவரது வாழ்க்கையில் வீரம் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டானால், அது இதுவேயாகும்.

பக்கத்துக் கல்லறை

ஹிக்காக்குக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டதால் காதற்கதை உறுதியானதாகப் பலர் எண்ணுகின்றனர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு அவர் கொல்லப்படும் வரை கழிந்தவை சில வாரங்களே. மேலும், அதே 1876 மார்ச் மாதத்தில்தான் ஹிக்காக், ஆக்னஸ் லேக் என்னும் சர்க்கஸ் கலைஞரை மணந்திருந்தார். அவ்வம்மையாருக்கு அந்த மலைமீது இடமில்லை. அடக்கம் செய்த முதுகுடிகள், இறந்தவரின் விருப்பத்தை நிறைவேற்றியதாக ஒரு சாராரும், ஹிக்காக்கைக் கேலி செய்வதற்காகவே அவ்வாறு செய்தனர் என்று மற்றொரு சாராரும் கூறுவர். எதுவாயினும், 1903 ஆகஸ்டு 4-இல் தோண்டப்பட்ட அக்குழி நாவலின் கடைசி அத்தியாயமாக ஆகிவிட்டது. அதன்பின் கதைக்கு வேறு சான்று தேவைப்படவில்லை; இடமே சான்றாயிற்று.

விளைவுகள் தொடர்ந்தன. 1941-இல் ஒரு பெண்மணி, தாம் ஜேனுக்கும் ஹிக்காக்குக்கும் பிறந்த மகள் என்று வானொலியில் அறிவித்தார். தாய் தமக்கு எழுதியவை என்று ஒரு கட்டுக் கடிதங்களையும் காட்டினார். உள்ளம் உருக்கும் கடிதங்கள் அவை, நூலாக வெளிவந்தன, 1989-இல் இசையும் அமைக்கப்பட்டது. ஜேம்ஸ் மக்லேர்டு முதலிய வரலாற்று ஆய்வாளர் அவற்றைப் போலி என்று காட்டியுள்ளனர். எழுதத் தெரியாத ஒருவர் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று. ஆயினும் நம்பினோர் பலர். 1953-இல் டோரிஸ் டே நடித்து வெளிவந்த இசைப்படமோ, இருவருக்கும் திருமணமே செய்து முடித்தது.

இப்போலிகளால் யாருக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். இழப்பு உண்டு. கல்வி பெற்றோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைக்கின்றனர். பிழை நேர்ந்தால் திருத்துகின்றனர். எழுத்தறியாதாரின் வாழ்க்கையைப் பிறர் எழுதுகின்றனர். அவர் வாயில் எந்தச் சொல்லையும் வைக்கலாம் என்று துணிகின்றனர். உயிரோடிருந்தபோது பள்ளி கிடைக்காத பெண்ணுக்கு, இறந்தபின் அழகிய கையெழுத்து மட்டும் கிடைத்தது. போலிக் கடிதங்களைப் போற்றுவோர் அவரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணுகின்றனர். உண்மையில், எழுத்தின்றி அவர் பட்ட துன்பத்தையே இல்லாமற் செய்துவிடுகின்றனர்.

முன்னோடி என்னும் சொல்

முன்னோடி என்று அவரைப் பாராட்டும் சொல்லும் ஆராயத்தக்கது. பிளாக் ஹில்ஸ் மலைகள் ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. 1868-இல் லாரமி கோட்டையில் செய்த உடன்படிக்கையின்படி அவை லக்கோட்டா மக்களுக்கு உரியவை. 1874-இல் கஸ்டரின் படை அங்கே பொன்னைக் கண்டது. இரண்டு ஆண்டுகளில் டெட்வுட் தோன்றிவிட்டது. அதாவது, அவ்வூரே உடன்படிக்கைக்கு மாறாக எழுந்த ஊர். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்நிலம் உரிய இழப்பீடின்றி எடுக்கப்பட்டது என்று கூறி, வட்டியுடன் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை உறுதிசெய்தது. நிலமே வேண்டும் என்னும் லக்கோட்டா மக்கள் அப்பணத்தைப் பெற மறுத்துவிட்டனர். முன்னோடிகளுக்கு முன்னே அங்கே இருந்தவர்களை எண்ணாமல் எழுதும் புகழுரை எதுவும் நிறைவுடையதாகாது.

அதே இடுகாட்டில் சீனருக்கு ஒரு பகுதி இருந்தது. அங்கே புதைக்கப்பட்டோரிற் பெரும்பாலோரின் எலும்புகள் பின்னர் தோண்டப்பட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. கொள்ளைநோயில் மாண்ட குழந்தைகளின் பகுதியும் உண்டு. ஜேனை இறுதி ஆண்டில் ஆதரித்த டோரா டுஃப்ரானும் அம்மலையிலேயே உறங்குகிறார். இவர்களும் அவ்வூரைத் தம் உழைப்பாலும் உயிராலும் ஆக்கியவர்களே. ஹிக்காக்கின் கல்லறையில் வைத்த பழைய கல்லுருவங்களை, நினைவுப் பொருளுக்காகச் சிறுகச் சிறுகப் பெயர்த்தெடுத்துச் சிதைத்த வருகையாளர், இவர்களது கற்களைத் தீண்டவில்லை. அது கதை பெறாதவர்களுக்குக் கிடைத்த ஒரு நன்மை போலும்.

முடிவு

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு துறைகளை வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல் துறை. வாழ்த்துவது இறுதித் துறை. முறை மாறக்கூடாது என்பது அதனுள் அடங்கிய கருத்து. டெட்வுட் மலையில் அம்முறை தலைகீழாகிவிட்டது. வாழ்த்து 1877-இல் வந்தது. கல் 1903-க்குப் பின் வந்தது. உண்மையைத் தேடிக் காண்பது அதற்கும் பல்லாண்டுகள் கழித்தே வந்தது. மக்லேர்டு எழுதிய விரிவான வரலாறு வெளிவந்த ஆண்டு 2005.

அக்கல்லறையைக் காணச் செல்வது வீண் என்பது இதன் கருத்தன்று. செல்லட்டும், நின்று படிக்கட்டும். படித்தபின், எழுதியிருப்பதோடு எழுதாமல் விட்டதையும் சேர்த்து எண்ணட்டும். 1864-ஆம் ஆண்டுக் குளிரில் வீடுதேடி வந்த மூன்று சிறுமியருள் ஒருத்தி, 1878-இல் அம்மைக் கட்டிலருகே தண்ணீருடன் நின்றவள், 1895-இல் மகளைப் பள்ளியில் சேர்க்க வழிதேடியவள் ஆகிய மூவரும் ஒருவரே. அவர் பெயர் மார்த்தா கேனரி. அது கல்லில் இல்லை. அறிந்தவர் நெஞ்சிலேனும் இருத்தல் வேண்டும்.